வெள்ளைச் சட்டையும் கணிப்பொறியும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்

“ஆள் பாதி, ஆடை பாதி” என்பது நம் நாட்டுப் பழமொழி. இதைச் சொல்லாத தையற்காரரும் இல்லை; இதைக் கேட்டுச் சலிக்காத மாணவனும் இல்லை. ஆனால் எந்த ஆடை அந்தப் பாதி ஆளாகிறது, அதை முடிவு செய்பவர் யார் என்பதைப் பழமொழி சொல்வதில்லை. நம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் வளாக நேர்முகத் தேர்வு பற்றிய தாள் ஒட்டப்படும்போதெல்லாம் கடைசியில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: “ஃபார்மல் உடை கட்டாயம்.” வேலையின் தன்மை பற்றி மூன்று வரி, சம்பளம் பற்றி ஒரு வரி எழுதியவர்கள் இந்த வரிக்கு மட்டும் விளக்கம் எழுதுவதில்லை. மூன்றாமாண்டு அண்ணன்மார்களும் அக்காமார்களும் மற்ற வரிகளை வேகமாகப் படித்துவிட்டு இந்த வரியில் நின்றுவிடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அடுத்த ஆண்டு அந்தப் பலகையின் முன் நிற்கப்போவது நாங்கள்.

கணிப்பொறிக்குக் கண் கிடையாது. அதன் முன் அமர்ந்து நிரல் எழுதுபவன் கோட்டு அணிந்திருந்தாலும் கைலி கட்டியிருந்தாலும் அது ஒரே விடையைத்தான் தரும். அப்படியிருக்கத் தொழில்நுட்ப வேலைக்கும் வெள்ளைச் சட்டைக்கும் எங்கே முடிச்சு விழுந்தது? இவ்வினாவைப் பற்றிக்கொண்டு நூல்களையும் செய்திகளையும் தேடிப் படித்தேன். அறிந்தவற்றை மாணவ நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் முன் வைக்கிறேன்.

வண்டியில் பியானோ விற்றவர்

இந்தச் சட்டையின் வரலாறு கணிப்பொறி பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் ஜான் பேட்டர்சன் என்பவர் 1884ஆம் ஆண்டில் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் நிறுவனத்தைத் தொடங்கினார். கடைகளில் பணம் வாங்கிப் போடும் எந்திரத்தைச் செய்து விற்பது அதன் தொழில். ஊர் ஊராகச் சென்று சரக்கு விற்பவர்களை அந்நாளில் அமெரிக்க மக்கள் பெரிதாக மதித்ததில்லை. ஏமாற்றிப் பிழைப்பவர்கள் என்ற பெயரும் அவர்களுக்கு உண்டு. பேட்டர்சன் தம் விற்பனையாளர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்ததோடு நில்லாமல், நல்ல உடையும் உடுத்தச் செய்தார்.

அவரிடம் 1896இல் வந்து சேர்ந்தவர் தாமஸ் வாட்சன். நியூயார்க் மாநிலத்தின் ஒரு சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். குதிரை வண்டியில் பியானோவையும் தையல் எந்திரத்தையும் ஏற்றிக்கொண்டு பண்ணை வீடு வீடாகச் சென்று விற்றவர். பேட்டர்சனிடம் தொழில் கற்று, பின்னர் அவராலேயே வெளியேற்றப்பட்டு, 1914இல் வேறொரு சிறு நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார். அந்த நிறுவனந்தான் 1924இல் ஐ.பி.எம். என்று பெயர் மாற்றிக்கொண்டது.

ஐ.பி.எம். அப்போது விற்றவை துளையிட்ட அட்டைகளைக் கொண்டு கணக்கெடுக்கும் எந்திரங்கள். அவற்றை வாங்கக்கூடியவர்கள் வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், இரயில்வேக்கள், அரசு அலுவலகங்கள். அங்கே மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்த அதிகாரி கருநிறக் கோட்டும் வெள்ளைச் சட்டையும் அணிந்திருந்தார். ஆகவே மேசைக்கு முன்னால் அமரும் ஐ.பி.எம். ஆளும் அதையே அணிய வேண்டும் என்பது வாட்சனின் கருத்து. வாங்குபவரை மதி, அவருக்கேற்ப உடுத்து என்பதே அதன் சாரம். எந்திரத்தைப் பழுது பார்க்க வந்த ஊழியர்கூட கோட்டும் டையும் அணிந்து, திருப்புளியையும் குறடையும் வக்கீல் பெட்டி போன்ற ஒரு கைப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வருவாராம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிறிது நேரம் கழித்துச் சிரிப்பு நின்றுவிட்டது. பின்கட்டு வழியாக அனுப்பப்படும் பழுது பார்ப்பவன் முன்வாசல் வழியாக நுழைய அந்தப் பெட்டி உதவியிருக்குமல்லவா?

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். கருநிறக் கோட்டைக் கட்டாயமாக்கியவர் கோட்டோடு பிறந்த சீமான் அல்லர். வண்டியில் பண்டம் விற்ற கிராமத்துப் பிள்ளை. தன்னை எவரும் வாசலில் நிறுத்திப் பேசி அனுப்பிவிடக்கூடாது என்ற நினைப்பு அந்த விதிக்குள் இருக்கிறது என்பது என் துணிபு.

ஐ.பி.எம்.மில் விற்பனையாளராக இருந்த ராஸ் பெரோ 1962இல் டல்லாஸ் நகரில் எலக்ட்ரானிக் டேட்டா சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மாமியாரை மிஞ்சிய மருமகளாக, அங்கே வெள்ளைச் சட்டையோடு தாடிக்கும் தடை விதித்தார்.

ஆண்டுகள் சென்றன. விதிக்குக் காரணம் மறைந்தது, விதி மறையவில்லை. 1993இல் லூயிஸ் கெர்ஸ்ட்னர் என்பவர் வெளியிலிருந்து வந்து ஐ.பி.எம்.மின் தலைமையை ஏற்றார். முதற் கூட்டத்துக்கு அவர் நீலச் சட்டையில் சென்றாராம். மற்ற அனைவரும் வெள்ளைச் சட்டை. சில வாரங்கள் கழித்து அதே குழுவின் கூட்டத்துக்கு அவர் வெள்ளைச் சட்டையில் சென்றாராம். மற்றவர்களோ வேறு வேறு நிறங்களில் வந்திருந்தார்களாம்! 2002இல் வெளிவந்த தம் நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார். வாங்குபவரைப் பார்த்து உடுத்தத் தொடங்கியவர்கள் மேலதிகாரியைப் பார்த்து உடுத்தும் நிலைக்கு வந்துவிட்டார்கள். 1995இல் அவர் அந்த உடை வழக்கத்தை நீக்கினார். அன்றைக்கு யாரைச் சந்திக்கப் போகிறாயோ அதற்கேற்ப உடுத்து என்பதுதான் அவர் சொன்னது. வாட்சன் தொடக்கத்தில் சொன்னதும் ஏறத்தாழ அதுவே.

டை இல்லாதவர்கள்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் கலிபோர்னியாவில் வளர்ந்த நிறுவனங்களில் கதை வேறு. அங்கே டி-சட்டையும் ஜீன்ஸும் தொழில்நுட்ப அறிஞனின் அடையாளங்கள் ஆயின. 1992இல் லீவை ஸ்ட்ராஸ் என்னும் ஜீன்ஸ் நிறுவனம், அலுவலகத்துக்கு ஏற்ற எளிய உடை எது என்று விளக்கும் கையேடு ஒன்றை அச்சிட்டு, நாடெங்கும் உள்ள பணியாளர் துறை மேலாளர்களுக்கு அனுப்பியது. விடுதலை உடை என்று பேசப்பட்டதற்கும் ஒரு கடைக்காரர் இருந்தார் என்பதை மறக்கலாகாது.

ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் 1980களின் தொடக்கத்தில் ஜப்பானுக்குச் சென்றபோது சோனி தொழிற்சாலையில் எல்லோரும் சீருடை அணிந்திருப்பதைக் கண்டு அதன் காரணத்தைக் கேட்டார். போருக்குப் பின் மக்களுக்கு உடுத்தத் துணியில்லை. நிறுவனமே கொடுக்க வேண்டியிருந்தது. பின்னர் அதுவே பற்றாகி நிலைத்துவிட்டது என்று விடை கிடைத்ததாம். ஊர் திரும்பிய ஜாப்ஸ் தம் ஊழியர்களுக்கும் ஒரே மாதிரியான மேற்சட்டை தரலாம் என்றார். அவர்கள் கூச்சலிட்டு மறுத்துவிட்டார்கள். சோனிக்குச் சீருடை வடிவமைத்த இசே மியாக்கேயிடம் தமக்கு மட்டும் கழுத்து மூடிய கறுப்புச் சட்டைகளைச் செய்து வாங்கிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் அதையே அணிந்தார் ஜாப்ஸ். துணியில்லாதவர்களுக்குக் கொடுத்த சீருடையின் கதையைப் படித்தபோது நம் பள்ளிப் பருவந்தான் நினைவுக்கு வந்தது. எட்டாம் வகுப்பு வரை அரசு தந்த விலையில்லாச் சீருடையில் யார் வீட்டில் என்ன இருக்கிறது என்பது வகுப்பறைக்குள் தெரியாமல் போயிற்று. கல்லூரியில் அந்தத் திரை இல்லை.

ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க் 2012இல் பங்கு வெளியீட்டை ஒட்டி முதலீட்டாளர்களைச் சந்திக்க நியூயார்க் நகருக்குத் தலைமூடி வைத்த மேற்சட்டையில் சென்றார். இது முதிர்ச்சியின்மை என்று பங்குச் சந்தை ஆய்வாளர் ஒருவர் குறை கூறினார். ஆனாலும் பங்குகள் விற்றன. அதே மனிதர் பொருளாதார நெருக்கடி நிலவிய 2009ஆம் ஆண்டு முழுவதும், இது கவலையோடு உழைக்க வேண்டிய ஆண்டு என்று காட்டுவதற்காக நாள்தோறும் டை அணிந்தார். 2018 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுக்களின் முன் விளக்கம் சொல்லப் போனபோது கோட்டும் டையும் அணிந்து நேராக அமர்ந்திருந்தார். கேள்வி கேட்கும் இடத்தில் இருந்தபோது எளிய சட்டை. கேள்விக்கு விடை சொல்லும் இடத்துக்குப் போனபோது கோட்டு. “திறமை இருந்தால் போதும், உடை எதற்கு? அவரைப் பார்” என்று நமக்கு ஆறுதல் சொல்பவர்கள் இந்த இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை. நேர்முகத் தேர்வில் நாம் அமரப்போவது விடை சொல்லும் நாற்காலியில்.

கடல் கடந்து வந்த டை

நம் நாட்டில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் 1968இலும் இன்போசிஸ் 1981இலும் தோன்றின. இவற்றின் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் அமெரிக்க, ஐரோப்பிய வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் ஆவர். பொருளை விற்றிருந்தால் பெட்டியில் அனுப்பியிருக்கலாம். இவை விற்றதோ மனிதரின் உழைப்பை. ஆள் நேரில் போக வேண்டும், அல்லது அவர்கள் வந்து பார்க்க வேண்டும். ஆகவே வாட்சனின் விதி பெங்களூருக்கும் சென்னைக்கும் கப்பல் ஏறி வந்தது. சித்திரை வெயிலில் பழைய மகாபலிபுரம் சாலையில் பேருந்துக்கு நிற்கும் இளைஞனின் கழுத்தில் தொங்கிய டை, எங்கோ ஒரு குளிர்நாட்டு வங்கி அதிகாரிக்காகக் கட்டப்பட்டது.

அந்த வாடிக்கையாளர்களின் உடை மாற, இங்கும் மாறிற்று. 2015 ஜூன் முதல் வார நாட்கள் அனைத்திலும் எளிய உடையில் வரலாம் என்று இன்போசிஸ் அறிவித்தது. 2020இல் கொரோனாத் தொற்று வந்து எல்லோரையும் வீட்டில் உட்கார வைத்தபோது, திரையில் தெரிகிற அளவுக்குச் சட்டை போதுமானதாயிற்று. கீழே கைலியோ என்னவோ, யார் கண்டது! 2023 அக்டோபரில் டாடா கன்சல்டன்சி ஊழியர்களை அலுவலகத்துக்குத் திரும்ப அழைத்தபோது உடை விதிகளையும் கூடவே நினைவூட்டியது.

பெண்களின் நிலை இதைவிடச் சிக்கலானது. ஆணுக்கு ஃபார்மல் என்றால் சட்டை, பேண்ட், ஷூ என்று முடிந்துவிடும். பெண்ணுக்குச் சேலையா, துப்பட்டாவுடன் சுடிதாரா, மேனாட்டுச் சட்டையா என்பதை அறிவிப்பும் சொல்வதில்லை. கேட்டாலும் ஆளுக்கொரு விடை வருகிறது. எங்கள் வகுப்புத் தோழியர் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுத வல்லவர்கள். அவர்களே எழுதட்டும்.

வேட்டியின் கதையையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்க மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டியில் சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரே வாசலில் தடுக்கப்பட்டார். அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. வேட்டிக்காகப் பொது இடத்தில் தடுத்தால் ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கான உடை பற்றி அரசு வெளியிட்ட ஆணையிலும் ஆண்களுக்கு வேட்டி ஏற்புடைய உடையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. மென்பொருள் துறையிலேயே ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் வேட்டி சட்டையில் உலவுவதைப் படங்களில் காண்கிறோம். அவர் நிறுவனம் தன் பெயரில் மென்பொருள் செய்து விற்கிறது என்பதையும், அவர் நிறுவனர் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த வேட்டியை நான் கட்டிக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போனால் சட்டம் என்னைத் தடுக்காது. வேலை கிடைக்குமா என்பது சட்டத்தில் இல்லை.

இயற்பியல் கேட்கும் உடை

இதுவரை சொன்னவை எல்லாம் மனிதர் மனிதருக்காக வகுத்தவை. தொழில்நுட்ப வேலையில் பொருளே, அஃதாவது எந்திரமே உடையைக் கேட்கும் இடமும் உண்டு. ஓசூர்ப் பக்கத்து மின்னணு ஆலை ஒன்றில் என் பெரியம்மா மகள் வேலை செய்கிறாள். தலைக்குத் தொப்பி, முகமூடி, முழங்கால் வரை கோட்டு, தனிக் காலணி, கையில் ஒரு பட்டை. “உள்ள போயிட்டா எல்லாரும் ஒண்ணுதான் தம்பி, கண்ணு மட்டும்தான் தெரியும்” என்பாள்.

அந்தக் கோட்டின் காரணம் நாம் முதலாண்டில் படித்த நிலைமின்னியலில் இருக்கிறது. நடக்கும்போது காலணி தரையில் உரசியும், பாலியஸ்டர் துணி உடலில் உரசியும் நம்மிடம் மின்னூட்டம் சேர்கிறது. வறண்ட நாளில் இது சில ஆயிரம் வோல்ட்டை எட்டும். ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்குக் கீழ்ப்பட்ட மின்னிறக்கத்தை நம் விரல் உணர்வதே இல்லை. சில நுண்மின் உறுப்புகளைக் கெடுப்பதற்கோ 100 வோல்ட்டுக்குக் குறைவே போதும். சோதனைக் கணக்குகளில் மனித உடலின் மின்தேக்குத்திறன் 100 பைக்கோபாரட் என்று கொள்ளப்படுகிறது. 3,000 வோல்ட்டில் அதில் சேரும் ஆற்றல் 0.00045 ஜூல், கொசு கடித்த அளவுக்குக்கூட நமக்குத் தெரியாது, ஆனால் மயிரிழையைவிடப் பன்மடங்கு மெல்லிய காப்புப் படலத்தைத் துளைத்துவிடும். ஆகவே கோட்டின் துணியில் மின்கடத்தும் கரியிழைகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்து நெய்கிறார்கள். கைப்பட்டை மின்னூட்டத்தைத் தரைக்குக் கொண்டுசெல்கிறது. தவறி மின்சாரம் பாய்ந்தாலும் ஆளைக் காக்க அதில் 10 இலட்சம் ஓம் மின்தடை வைக்கப்பட்டிருக்கிறது. இந்த உடையில் மேலாளர் என்றும் ஊழியர் என்றும் பேதம் கிடையாது. நிலைமின்னுக்கு யார் மேலதிகாரி என்று தெரியாதல்லவா?

கோட்டையும் டையையும் இதே இயற்பியல் கொண்டு அளக்கலாம். உடையின் வெப்பக் காப்பை அளக்க ‘க்ளோ’ என்றோர் அலகு 1941இல் வகுக்கப்பட்டது. 21 பாகை செல்சியஸ் அறையில் ஓய்வாக அமர்ந்திருப்பவருக்கு இதமாக இருக்கத் தேவையான காப்பு 1 க்ளோ. முழுக் கோட்டு உடை ஏறத்தாழ 1 க்ளோ. அரைக்கைச் சட்டையும் பேண்டும் ஏறத்தாழ 0.6 க்ளோ. அஃதாவது கோட்டு அணிந்தவருக்கு இதமாக இருக்க அறையையே குளிர்நாடாக்க வேண்டும்; அதற்கு மின்சாரம் செலவாகும். ஜப்பான் அரசு 2005இல் இதை உணர்ந்து, கோடையில் அலுவலகக் குளிர்சாதனத்தை 28 பாகையில் வைத்து, கோட்டையும் டையையும் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள் என்று இயக்கமே நடத்தியது. கிருஷ்ணகிரி வெயிலை அறிந்த நமக்கு இதற்குக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

அறிவிப்புப் பலகைக்குத் திரும்புவோம்

என் அம்மா மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் பள்ளிச் சீருடை தைப்பவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஃபார்மல் என்றால் என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். அந்தச் சொல் அவருக்குத் தெரியாது. ஆனால் விடை தெரிந்திருந்தது. “காலரும் கையும் மடங்காம நின்னா மத்ததை யாரும் பாக்க மாட்டாங்க கண்ணு. தோள் தையல் தோள்ல இருக்கணும், கீழ இறங்கக் கூடாது” என்றார். கடை கடையாக ஏறி இறங்கியவர்கள் எனக்குச் சொன்னதைவிட இது தெளிவாக இருந்தது.

செலவையும் எழுதிவிடுகிறேன். 58 அங்குல அகலத் துணியில் முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர், பேண்டுக்கு 1.20 மீட்டர் வேண்டும். துணி, தையற்கூலி, ஷூ, பெல்ட் எல்லாம் சேர்த்தால் எங்கள் ஊரில் 2,500 ரூபாய்க்குக் குறையாது. அம்மாவுக்கு அது ஒரு வார உழைப்புக்கு மேல். சென்ற ஆண்டு ஒரு நேர்முகத் தேர்வில் மூன்றாமாண்டு அண்ணன்மார் இருவர் ஒரே ஜோடி ஷூவை வைத்துக்கொண்டு சமாளித்ததை நான் அறிவேன். ஒருவர் வெளியே வந்ததும் கழற்றிக் கொடுக்க, மற்றவர் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். நல்ல வேளையாக இருவருக்கும் கால் அளவு எட்டு. வேறொரு துறை மாணவர் செருப்போடு வந்ததால் வாசலிலேயே நின்றுவிட்டு எழுத்துத் தேர்வும் எழுதாமல் பேருந்து ஏறிவிட்டார். அவரை யாரும் போகச் சொல்லவில்லை. அந்தக் கடைசி வரியே போதுமானதாயிருந்தது.

ஆகவே வேலைவாய்ப்புக் குழுப் பேராசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். நிறுவனத்தாரிடம் முன்கூட்டியே கேட்டு, எது உண்மையில் வேண்டும், எது வேண்டாம் என்பதை அறிவிப்பிலேயே எழுதிவிடலாம். துவைத்துத் தேய்த்த வெளிர்நிறச் சட்டை, கருநிறப் பேண்ட் போதுமானால் போதும் என்றும், டை தேவையில்லை என்றால் தேவையில்லை என்றும், பெண்களுக்குச் சேலையும் சுடிதாரும் இரண்டுமே ஏற்கத்தக்கவை என்றும் ஒரு வரி இருந்தால், வீட்டில் கேட்கத் தயங்கும் பலருக்கு அந்தத் தயக்கம் தீரும்.

மற்றொன்று நம்மாலேயே ஆகக்கூடியது. படிப்பு முடித்து வேலைக்குப் போன அண்ணன்மார், அக்காமார் தங்களுக்கு அளவு பொருந்தாமற் போன உடைகளையும் ஷூக்களையும் கொடுத்தால், இயற்பியல் ஆய்வகத்தை ஒட்டிய அறையில் பூட்டிக் கிடக்கும் மர அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். துறைத்தலைவர் அவர்களிடம் கேட்டிருக்கிறோம். சட்டைகள் 38, 40, 42 அளவுகளில் இரண்டிரண்டு இருந்தால் தொடங்கிவிடலாம். இடுப்பு பிடிக்கவும், கை நீளம் குறைக்கவும், காஜா எடுத்துப் பொத்தான் வைக்கவும் என் அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். அளவு நாடாவை நான் கொண்டுவருகிறேன்.